சிறிய நீர் வழங்குநர் தவறும்போது பொறுப்பேற்பது யார்?

தண்ணீர் விநியோகத்தைத் தனியாரிடம் கையளிப்பது பற்றிய விவாதம் எமது நாட்டில் தலைதூக்கும் போதெல்லாம் பொலிவியாவின் கொச்சபம்பா நகரம் உதாரணமாகக் காட்டப்படுவது வழக்கம். பன்னாட்டுக் கம்பனியொன்றின் கட்டண உயர்வுக்கு எதிராக அந்நகர மக்கள் வீதியில் இறங்கினர். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒப்பந்தம் இரத்துச் செய்யப்பட்டது. பாரிஸ் மாநகரம் 2010இல் தனது நீர் விநியோகத்தை மீண்டும் மாநகரசபையின் கைக்குக் கொண்டுவந்த கதையும் அவ்வப்போது நினைவூட்டப்படுவதுண்டு. இவையெல்லாம் பெருங்கதைகள். ஒருபுறம் இராட்சதக் கம்பனி, மறுபுறம் திரண்டெழுந்த மக்கள் என்று தரப்புகள் தெளிவாகப் பிரிந்து நிற்பதால் யார் பக்கம் சாய்வது என்பதில் எவருக்கும் தடுமாற்றம் ஏற்படுவதில்லை.

ஆனால், எண்பது வீடுகளுக்கோ முந்நூறு வீடுகளுக்கோ தண்ணீர் கொடுக்கும் சிறிய கம்பனியொன்று கைவிட்டுவிட்டால் என்ன நடக்கும் என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. அங்கு ஆர்ப்பாட்டம் இல்லை, தொலைக்காட்சிக் கமெராவும் இல்லை. குழாயில் வரும் நீர் மெல்ல மெல்ல மண்ணிறமாக மாறுகின்றது, அமுக்கம் குறைகின்றது, முறைப்பாடு செய்யப்போனால் அலுவலகமே பூட்டிக் கிடக்கின்றது. இந்தச் சிறிய கேள்வியை மிக நீண்டகாலமாக எதிர்கொண்டுவரும் நாடு, ஆச்சரியமாக இருப்பினும், அமெரிக்காதான். அங்கு, குறிப்பாகக் கலிபோர்னியா மாநிலத்தில், கடந்த இருபது ஆண்டுகளில் நடந்தவை எமது மலையகத் தோட்டங்களுக்கும் வடக்கு கிழக்குக் கிராமங்களுக்கும் தொடர்பற்றவை என்று ஒதுக்கிவிட முடியாதவை என்பதே எமது கருத்து.

அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 சமுதாய நீர் விநியோக அமைப்புகள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கும் அதிகமானவை 10,000 பேருக்கும் குறைவான மக்களுக்கே நீர் வழங்குகின்றன. மாநகரங்களின் பெரிய சபைகள் ஒருபுறமிருக்க, காணி விற்பனையாளர் ஒருவர் தாம் துண்டுபோட்டு விற்ற வளவுகளுக்காகத் தோண்டிய கிணறு, விவசாயிகள் சிலர் கூட்டாகச் சேர்ந்து அமைத்த நீர்த்தாங்கி, குடும்பமொன்று தலைமுறையாக நடத்திவரும் கம்பனி என்று இவற்றின் பூர்வீகம் பலவிதமானது. இலாபத்துக்காக நடத்தப்படும் கம்பனிகளின் கட்டணத்தை மாநிலத்தின் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நிர்ணயிக்கின்றது. கலிபோர்னிய ஆணைக்குழு இக்கம்பனிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்துள்ளது. 10,000 இணைப்புகளுக்கு மேற்பட்டவை முதல் வகுப்பு. 500 இணைப்புகளுக்குக் குறைந்தவை கடைசி வகுப்பு. இவற்றுக்குப் புறம்பாக, காணி உரிமையாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் பரஸ்பர நீர்க் கம்பனிகளும் உள்ளன. ஆனால், அவற்றின் கட்டணத்தில் ஆணைக்குழு தலையிடுவதில்லை.

சிறியவை ஏன் தவறுகின்றன என்பதை விளங்கிக்கொள்ளப் பொருளியல் பட்டம் தேவையில்லை. நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது கண்டறியப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதனை நீக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பத்து இலட்சம் டொலர் செலவாகும் எனில், எண்பது வீடுகள் உள்ள இடத்தில் வீடொன்றின் தலையில் 12,500 டொலர் விழும். அதே செலவு எண்பதாயிரம் வீடுகளுக்குப் பகிரப்படுமானால் வீடொன்றுக்குப் பன்னிரண்டரை டொலர் மாத்திரமே. தண்ணீரைப் பரிசோதிக்கும் செலவும், தகுதிபெற்ற இயக்குநர் ஒருவருக்கான சம்பளமும், கணக்காய்வுக் கட்டணமும் இதே கணக்கில்தான் அடங்கும். பேராசை பிடித்த முதலாளி எங்கும் இல்லாமல் இல்லை. ஆனால் சிறிய நீர்க் கம்பனிகளின் வீழ்ச்சிக்குப் பேராசையைவிடத் தனிமையே பெரிய காரணம்.

கட்டண ஒழுங்குவிதியிலும் ஒரு முரண்பாடு மறைந்திருக்கின்றது. கம்பனி முதலிட்ட சொத்தின் இன்றைய பெறுமதியை அடிப்படையாகக் கொண்டே அது பெறத்தக்க இலாப வீதம் அனுமதிக்கப்படுகின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் புதைக்கப்பட்ட குழாயின் பெறுமதி ஏட்டில் தேய்ந்து சுழியமாகிவிட்டபின், அக்கம்பனிக்கு அனுமதிக்கப்படும் இலாபமும் தேய்ந்துவிடும். புதிய குழாய் போடுவதற்கு வங்கி கடன் கொடுக்காது. கட்டணத்தை உயர்த்தக் கேட்டால் ஏழைப் பாவனையாளர்கள் எதிர்ப்பார்கள். எனவே உரிமையாளர் பழுதுகளை ஒட்டுப்போட்டுக் காலத்தை ஓட்டுகின்றார். அவர் முதுமையடைந்து பிள்ளைகளும் பொறுப்பேற்க மறுத்துவிட்டால் கம்பனி நடைமுறையில் அநாதையாகிவிடும். இந்நிலையில் நீதிமன்றத்தின் மூலம் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கச் செய்யும் அதிகாரம் கலிபோர்னிய ஆணைக்குழுவுக்கு உண்டு. இருந்தும், நியமிக்கப்படுபவர் மந்திரவாதியல்லர். அவரும் அதே எண்பது வீடுகளிடமிருந்துதான் பணம் திரட்டியாக வேண்டும்.

இனிப் பொதுத்துறை கையேற்ற கதைகளுக்கு வருவோம். இவற்றுள் இனிமையானது பெல்டன் என்னும் சிற்றூரின் கதை. சாந்தா குரூஸ் மலைப்பகுதியில் ஏறத்தாழ 1,300 இணைப்புகளை மாத்திரம் கொண்ட அவ்வூரின் நீர் விநியோகத்தை 2002இல் கலிபோர்னியா அமெரிக்கன் வோட்டர் என்ற கம்பனி வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் தாய்க் கம்பனி ஜேர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. நிறுவனத்தின் உடைமையாயிற்று. காட்டு ஓடையில் பிறந்து ஊருக்குள்ளேயே குடித்து முடிக்கப்படும் தண்ணீருக்கான தீர்மானங்கள் ஐரோப்பாவில் எடுக்கப்படும் நிலை உருவானது. பெரும் கட்டண உயர்வுக்கான கோரிக்கையும் வந்து சேர்ந்தது. ஊரவர் கோஷமிட்டுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. கம்பனியை வாங்குவதற்கான கடன் பத்திரங்களுக்குத் தங்கள் வீடுகள் மீதே வரி விதித்துக்கொள்ளும் பிரேரணையை 2005இல் வாக்கெடுப்புக்கு விட்டனர். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தனர். ஆண்டொன்றுக்குச் சில நூறு டொலர்கள் வீதம் முப்பது ஆண்டுகள் செலுத்துவதற்கு மக்கள் தாமாகவே சம்மதிப்பது சாதாரண விடயமன்று. 2008இல், வழக்கு விசாரணை நெருங்கிய வேளையில், கம்பனி இணங்கியது. 13.4 மில்லியன் டொலர் பெறுமதியான உடன்படிக்கையின் மூலம் அயலிலுள்ள பொது நீர் வழங்கல் சபையிடம் விநியோகம் ஒப்படைக்கப்பட்டது. நீர் ஊறும் காட்டு நிலமும் உடன் வந்து சேர்ந்தது.

பெல்டன் வென்றதால் எல்லோரும் வெல்வர் என்று கருதிவிடலாகாது. லொஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள கிளேர்மொன்ட் நகரம் 2014இல் வாக்கெடுப்பு நடத்தி, 135 மில்லியன் டொலர் வரை கடன்பட அனுமதி பெற்று, கோல்டன் ஸ்டேட் கம்பனிக்கு எதிராக நீதிமன்றம் சென்றது. நகரம் கையேற்பதே பொது நலனுக்கு உகந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என 2016இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனது சட்டத்தரணிகளுக்கு மாத்திரமன்றிக் கம்பனியின் சட்டத்தரணிகளுக்கும் பல மில்லியன் டொலர்களை நகரமே செலுத்த நேர்ந்தது. தண்ணீரும் கிடைக்கவில்லை, பணமும் போயிற்று.

மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரமோ இரண்டாவது முயற்சியிலேயே வென்றது. 1980களில் அது தொடுத்த வழக்குத் தோல்வியில் முடிந்திருந்தது. 2011இல் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனம் அந்நகரின் நீர்க் கம்பனியை உள்ளடக்கிய குழுமத்தை வாங்கியது. தண்ணீரில் அனுபவம் கொண்ட கம்பனியின் இடத்தில், வாங்கி விற்று இலாபம் காணும் நிறுவனம் வந்து அமர்ந்தது. குழாய்களில் செல்லும் நீரில் ஏறத்தாழ அரைவாசி நிலத்துக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. நகரம் மீண்டும் வழக்குத் தொடர்ந்தது. மாநில உயர் நீதிமன்றம் 2016இல் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விலை 88.6 மில்லியன் டொலர் என்று நிர்ணயிக்கப்பட்டு, 2017 ஜூன் மாதத்தில் விநியோகம் நகரின் கைக்கு மாறியது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே கார்லைல் அக்குழுமத்தை வேறொரு கம்பனிக்கு விற்றுவிட்டு வெளியேறியது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. விற்பனைப் பண்டமாகிவிட்ட நீர்க் கம்பனிக்கு ஊர் என்று ஒன்று இருப்பதில்லை.

இந்த வழக்குகளில் நகரங்கள் கையிலெடுத்த ஆயுதம், பொதுத் தேவைக்காகத் தனியார் சொத்தைக் கட்டாயமாகச் சுவீகரிக்கும் அதிகாரமாகும். சுவீகரிப்பு என்ற சொல் எம்மவர் காதில் நல்ல சகுனமாக ஒலிப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் வடக்கிலும் கிழக்கிலும் எத்தகைய தேவைகளுக்காகப் பயன்படுத்தப்பட முயன்றது என்பதைத் தமிழ், முஸ்லிம் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. மிசூலாவில் நடந்ததோ வேறு. கேட்டது அந்த ஊர் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபை. விலையை நிர்ணயித்தது நீதிமன்றத்தின் கீழான பொறிமுறை. தேவையை நிரூபிக்கும் சுமை அரச தரப்பின் தோளில் இருந்தது. கிளேர்மொன்ட் தோற்றதும் இதே ஒழுங்கின் கீழ்தான். அதிகாரம் ஒன்றேயாயினும் அதனைப் பிரயோகிப்பவர் யார், அவரைக் கேள்வி கேட்பவர் யார் என்பதில்தான் எல்லாம் தங்கியுள்ளது.

தனியார் என்றால் தீமை, பொதுத்துறை என்றால் நன்மை என்று இவ்விடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடலாம் என்றால் சட்டிவா குறுக்கே நிற்கின்றது. லொஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் கொம்ப்டன், வில்லோபுரூக் பகுதிகளில் ஏறத்தாழ 1,600 இணைப்புகளுக்கு நீர் வழங்கிய இச்சபை, 1938இல் உருவான முழுமையான பொதுத்துறை அமைப்பு. 2018இல் அப்பகுதிக் குழாய்களில் மங்கனீசு கலந்த மண்ணிற நீர் வரத் தொடங்கியது. பொதுக்கூட்டமொன்றுக்குச் சபையின் ஆதரவாளர்களாக நடிப்பதற்குக் கூலிக்கு ஆட்கள் அமர்த்தப்பட்டதாகவும் செய்திகள் வெளியாகின. கூலிக்குக் கூட்டம் சேர்க்கும் கலை எமது அரசியல்வாதிகளுக்கு மாத்திரம் உரியதன்று போலும். கறுப்பின, லத்தீன் அமெரிக்க வமிசாவளியினர் செறிந்து வாழும் அப்பகுதியின் குரல் மாநிலத் தலைநகரை எட்டியது. தனிச் சட்டமொன்றின் மூலம் சபை கலைக்கப்பட்டு, மாவட்ட நிருவாகம் இடைக்காலப் பொறுப்பை ஏற்றது. இடைக்காலத்தின் பின்னர் விநியோகம் எவரிடம் ஒப்படைக்கப்பட்டது தெரியுமா? ஆணைக்குழுவின் ஒழுங்குவிதிக்கு உட்பட்ட பெரிய தனியார் கம்பனியொன்றிடம். பொதுத்துறை தவறிய இடத்தைத் தனியார்துறை நிரப்பியது. சட்டிவாவின் வாசலில் எழுதப்பட்டிருந்த பெயரில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. சிறுமையும், கண்காணிப்பின்மையும், வாக்காளர் எட்டிப்பாராத தேர்தல்களுமே அதனைக் கெடுத்தன.

பரஸ்பரக் கம்பனிகளும் இதற்கு விலக்கல்ல. ஒன்றேகால் சதுர மைல் பரப்புக்கும் குறைவான மேவுட் என்ற நகரத்தில் மாத்திரம் மூன்று பரஸ்பரக் கம்பனிகள் நீர் வழங்கி வந்தன. அங்கும் மண்ணிற நீர் பற்றிய முறைப்பாடுகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. குடியிருப்போரில் பெரும்பாலானோர் வாடகைக்கு இருப்பவர்கள். பங்குகளோ காணி உரிமையாளருக்கு உரியவை. எனவே தண்ணீரைக் குடிப்பவருக்கு வாக்கில்லை, வாக்குள்ளவர் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. கூட்டங்களைத் திறந்த கதவுடன் நடத்துமாறும் கணக்குகளைக் காட்டுமாறும் இக்கம்பனிகளை நிர்ப்பந்திக்கும் சட்டம் 2013இலேயே இயற்றப்பட்டது.

மேற்கூறியவை அனைத்தும் வாங்குவதற்கு ஒருவர் முன்வந்த இடங்களின் கதைகள். எவரும் முன்வராத இடங்களின் கதையே எம்மை அதிகம் சிந்திக்க வைக்கின்றது.

கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கிலுள்ள டுலேரி மாவட்டம் பழத்தோட்டங்களுக்கும் பால் பண்ணைகளுக்கும் பெயர்பெற்றது. அத்தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்கள் நகர எல்லைக்கு வெளியே, காணி மலிவாகக் கிடைத்த இடங்களில், தம்மை உள்ளே விடாத நகரங்களின் ஓரங்களில் குடியேறினர். மத்தினி குடியிருப்பு அவ்வாறு கறுப்பின மக்கள் உருவாக்கிய ஓர் இடம். 1971ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தயாரித்த பொதுத் திட்டம், இத்தகைய குடியிருப்புகளில் சிலவற்றுக்கு எதிர்காலம் இல்லை என்று முடிவுகட்டி, அங்கு நீர், வடிகால் வசதிகளைச் செய்துகொடுக்காதிருப்பதையே கொள்கையாக வகுத்தது. வசதி செய்யாவிட்டால் காலப்போக்கில் மக்கள் தாமாகவே கலைந்துவிடுவர் என்பது கணக்கு. கலையவில்லை. அவர்கள் தங்களுக்கென்று சிறிய நீர்க் கம்பனிகளை அமைத்து, தோண்டிய கிணற்றிலிருந்து கிடைத்ததைக் குடித்தனர்.

மத்தினியின் கிணறுகளில் ஆர்சனிக். நகர எல்லைக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில், டுலேரி நகரசபையின் குழாய்கள். இணைத்துக்கொள்வதற்கு முன்னர் இணங்கியிருந்த நகரசபை, போதிய நீர் இல்லை என்று கூறிப் பின்வாங்கியது. வழக்குகள் இழுபட்டன. இந்நிலையில்தான் 2015 ஜூன் மாதத்தில் ஆளுநர் ஜெரி பிரவுண் கையொப்பமிட்ட செனட் சட்டமூலம் 88, மாநில நீர்வளக் கட்டுப்பாட்டுச் சபைக்குப் புதியதோர் அதிகாரத்தை வழங்கியது. வறிய சமூகமொன்றுக்குப் பாதுகாப்பான நீரைத் தொடர்ச்சியாக வழங்கத் தவறும் சிறிய அமைப்பொன்றை, அயலிலுள்ள பெரிய அமைப்புடன் கட்டாயமாக இணைக்கும்படி அச்சபை கட்டளையிடலாம். பெரியவர் முதலில் தாமாக இணங்குவதற்கு அவகாசம் கொடுக்கப்படும். இணங்காவிடில் கட்டளை. சிறியவரின் பழைய குற்றங்களுக்குப் பெரியவர் பொறுப்பாளியாக்கப்படமாட்டார் என்ற பாதுகாப்பும் அதில் உண்டு. இச்சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட முதலாவது கட்டாயக் கட்டளை மத்தினிக்கானது. 2016இல் நகரக் குழாயின் நீர் அங்கு பாய்ந்தது.

இதே மாவட்டத்தின் டூல்வில் என்ற இடத்தில் ஏறத்தாழ எண்பது வீடுகள், இரண்டு கிணறுகள். நீரில் குரோமியம். எக்சிட்டர் நகரம் ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் உள்ளது. இருபது ஆண்டுகளாக அம்மக்கள் எக்சிட்டரின் கதவைத் தட்டினர். 2019இல் நகரசபை மறுத்தது. மாநிலச் சபை 2021இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, அடுத்த ஆண்டு கட்டளை பிறப்பித்தது. மறுத்த நகரசபை உறுப்பினர்களைக் கல்நெஞ்சர்கள் என்று ஏசுவது எளிது. ஆனால் எக்சிட்டரும் சிறிய ஊர்தான். அதன் குழாய்களும் பழையவைதான். தமது வரியிறுப்பாளர்களுக்கு அவர்கள் பதில்சொல்ல வேண்டியிருந்தது. எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு அந்நகரில் வாக்கு இல்லை. வாக்கில்லாதவரின் தாகம் எந்த நகரசபையின் நிகழ்ச்சி நிரலிலும் தானாக இடம்பிடிப்பதில்லை. மேலிருந்து கட்டளையிட ஒருவர் தேவைப்பட்டது அதனால்தான்.

கட்டளையுடன் காசும் செல்லாவிட்டால் அது வெறும் காகிதம். கலிபோர்னியா 2019இல் இயற்றிய மற்றொரு சட்டம், 2030 வரை ஆண்டுதோறும் 130 மில்லியன் டொலர் வரை இத்தகைய அமைப்புகளுக்கென ஒதுக்க வழிசெய்தது. அவ்வளவும் செய்தும் நிலைமை திருப்திகரமாக இல்லை. நிதிக்கான விண்ணப்பமொன்று முடிவுக்கு வர 2017இல் சராசரியாக 17 மாதங்கள் எடுத்ததென்றும், பின்னர் அது 33 மாதங்களாக நீண்டதென்றும் மாநிலக் கணக்காய்வாளர் 2022இல் குறைகண்டார். அவ்வேளையில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் தரம் தவறிய நீரையே பெற்றுவந்தனர். உலகின் செல்வம் மிக்க மாநிலங்களுள் ஒன்றின் கதி இது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது எமது மனக்கண்ணில் தோன்றுவது டுலேரி மாவட்டமன்று, நுவரெலியா மாவட்டமே.

இலங்கையில் தண்ணீர் தனியார்மயமாக்கப்படவில்லை என்று நாம் பெருமையுடன் கூறிக்கொள்கின்றோம். 1974ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அரசுக்குச் சொந்தமானது என்பது உண்மை. ஆனால் பெருந்தோட்டங்களின் நிலை என்ன? 1970களின் நிலச் சீர்திருத்தத்தினால் அரசுடைமையான தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுகாலக் குத்தகை. காணி அரசினுடையது, முகாமைத்துவம் கம்பனியினுடையது. மலையுச்சி ஊற்றிலிருந்து லயன் அறைகளுக்கு நீரைக் கொண்டுவரும் குழாயும், தாங்கியும், பீலியும் யாருடையவை? குழாய் வெடித்தால் தொழிலாளி முறையிடச் செல்வது தோட்டத்துரையிடம். நீரைப் பரிசோதிக்கும்படி கம்பனியைக் கட்டாயப்படுத்தும் ஒழுங்குபடுத்துநர் எவர்? ஏட்டில் எங்கும் தனியார் நீர்க் கம்பனி என்று எழுதப்படாத போதிலும், நடைமுறையில் இவை சிறிய தனியார் நீர் வழங்குநர்களே. வேலை கொடுப்பவரே தண்ணீரும் கொடுப்பவர் என்பதால் முறைப்பாடு செய்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டியிருக்கின்றது.

மத்தினிக்கு நகர எல்லை தடையாக இருந்தது போன்று, தோட்டங்களுக்கு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு அப்பிரிவு இடையூறாக நின்றது. தோட்டத் தொழிலாளர் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம். ஆனால் அந்தச் சபையினால் அவரது லயனுக்குக் குழாய் போட முடியாது. முப்பத்தொரு ஆண்டுகள் இந்த விசித்திரம் நீடித்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டமை மலையக மக்களின் பிரதிநிதித்துவத்துக்குக் கிடைத்த முக்கிய வெற்றியாகும். எனினும், செலவிடலாம் என்று அனுமதிப்பதற்கும் செலவிட்டே ஆகவேண்டும் என்று கடமையாக்குவதற்கும் இடையே பெரும் தூரம் இருக்கின்றது. புதிதாகப் பிறந்த சபைகளின் வருமானம் என்ன என்பதையும் நாம் அறிவோம்.

ஒழுங்குபடுத்துநரைப் பற்றிப் பேசினால், அங்கும் ஒரு நீண்ட உறக்கத்தைக் காண்கின்றோம். 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை உருவாக்கியபோது மின்சாரத்துடன் நீரும் அதன் பட்டியலில் இடம்பெற்றது. மின்சாரத்துக்கு 2009இல் தனிச் சட்டம் வந்தது. ஆணைக்குழு கட்டணப் பிரேரணைகளைப் பகிரங்கமாக விசாரிக்கும் நிலை உருவாயிற்று. நீருக்கென 2003இல் கொண்டுவரப்பட்ட நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்குட்படுத்தப்பட்டது. மாகாண சபைகளுக்கு அனுப்பாமல் அதனை நிறைவேற்ற முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அச்சட்டமூலம் தனியாருக்குக் கதவு திறக்கும் என்று அஞ்சியவர்கள் மகிழ்ந்தனர். அவர்களது அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆயினும் அதனுடன் ஒழுங்குபடுத்துநரும் கரையில் நின்றுவிட்டார். யாரிடம் கேட்கவேண்டும் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியதோ, அந்த மாகாண சபைகளின் பதவிக்காலங்கள் 2019 அளவில் ஒவ்வொன்றாக முடிவடைந்தன. அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் ஆளுநர்களே மாகாணங்களை நடத்தினர்.

தோட்டங்களுக்கு வெளியேயும் இக்கேள்வி உண்டு. 1990களில் உலக வங்கியின் உதவியுடன் ஆரம்பித்த திட்டத்தின் வழியாகவும் அதன் பின்னர் வந்தவற்றின் வழியாகவும் நாடெங்கும் சமுதாய நீர் வழங்கல் சங்கங்கள் உருவாகின. கிராமத்தவர் உழைப்பைக் கொடுத்தனர், பங்குப் பணம் செலுத்தினர், மானி வாசித்தனர், பட்டியல் எழுதினர். பல சங்கங்கள் பாராட்டத்தக்க விதத்தில் இயங்குகின்றன. அவற்றை அரசு விழுங்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. தமிழ்க் கிராமமாயினும் முஸ்லிம் கிராமமாயினும் தனது தண்ணீரைத் தானே நிருவகிக்கும் பழக்கம் கொழும்பின் கோப்புகளுக்குள் புதையுண்டு போவதை எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் பம்பி எரிந்துபோய், பொருளாளர் வெளிநாடு சென்று, கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறிய சங்கமொன்று யாரிடம் போகவேண்டும்? இச்சங்கங்களுக்கென 2014இல் தனித் திணைக்களம் உருவாக்கப்பட்டது. ஆலோசனையும் பயிற்சியும் ஒரு விடயம். குறித்த காலத்துக்குள் தலையிட்டே ஆகவேண்டும் என்ற சட்டக் கடமை வேறு விடயம். சிறுநீரக நோய் பரவிய வவுனியா, அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் சுத்திகரித்த நீரைப் போத்தலிலும் கலனிலும் விற்கும் சிறு நிலையங்கள் பெருகியதும் இந்த வெற்றிடத்தில்தான். வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்பதை வாங்குபவர் விற்பவரின் முகத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருக்கின்றது.

கலிபோர்னியாவின் சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யும்படி நாம் கேட்கவில்லை. அங்குள்ள நிதி எம்மிடம் இல்லை. இங்குள்ள இனப் பிரச்சினையின் சுமை அங்கு வேறு வடிவில் உள்ளது. ஆயினும் அதன் மையத்திலுள்ள ஏற்பாடு எளிமையானது. சிறிய வழங்குநர் யாராக இருப்பினும், தோட்டக் கம்பனியோ கிராமச் சங்கமோ, நீரின் தரம் குறித்த காலத்துக்கு மேல் தவறுமாயின், அதனை அறிவிக்க வேண்டிய அதிகாரி இவர், இணைத்துக்கொள்ள வேண்டிய அயல் அமைப்பு இது, செலவில் மத்திய அரசு ஏற்க வேண்டிய பங்கு இவ்வளவு என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். இணைக்கும் முன்னர் அம்மக்களின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். இணைத்த பின்னர் அவர்களுக்கு அந்த அமைப்பில் குரல் இருக்க வேண்டும். நீருக்கான சட்டமூலம் எப்போது எந்த வடிவில் வந்தாலும், மலையக, வடக்கு, கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதில் முதலில் தேடவேண்டிய வாசகம் இதுவே. 2003இல் விவாதம் முழுவதும் பெரிய கம்பனிகள் வருமா வராதா என்பதிலேயே கழிந்தது. லயன் குழாயைப் பற்றி ஒரு பிரிவும் எழுதப்படவில்லையே என்று அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2018ஆம் ஆண்டின் பின்னர் 2025 மே மாதத்தில்தான் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகிய சபைகளுக்குத் தெரிவானவர்கள், சட்டமூலம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒரு வேலை உள்ளது. தமது எல்லைக்குள் எத்தனை தோட்டப் பிரிவுகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் நீர் எந்த ஊற்றிலிருந்து வருகின்றது, குழாய் யாருடைய பொறுப்பில் உள்ளது, கடைசியாக அந்நீர் எப்போது பரிசோதிக்கப்பட்டது என்ற விபரங்களைத் திரட்டிச் சபை அமர்வில் பகிரங்கமாக வைப்பதே அது. அதற்கு ஒரு கொப்பியும் சில வாரங்களும் போதும்.